வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கருக்கு நாமே ஒயர் மாற்றுவது

காவேரிப்பட்டணத்தில் என் தாய்மாமன் வீட்டுக்குப் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள். சுவரோரம் ஓடிய ஸ்பீக்கர் ஒயர்களை வேலைக்கு வந்தவர்கள் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பச் சொருகிவிட்டுப் போனார்கள். அன்று மாலை பாட்டுப் போட்டபோது இரண்டு பெட்டிகளும் பாடின, சத்தத்திலும் பெரிய குறை தெரியவில்லை, ஆனால் தவிலை மட்டும் காணோம். "ஸ்பீக்கர் போயிடுச்சு மாப்பிள்ளை, புதுசு வாங்கிடலாம்" என்று மாமா முடிவே செய்துவிட்டார். பெட்டிகளில் எந்தப் பழுதும் இல்லை. ஒரு பெட்டியின் பின்னால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அவற்றை மாற்றிச் சொருகியதும் தவில் திரும்பி வந்தது. கையோடு கையாக, இருபது ஆண்டுகளுக்கு முன் போட்டு, எலி கடித்து, மூன்று இடங்களில் டேப் சுற்றப்பட்டிருந்த அந்த ஒயரையே முழுவதும் மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். அந்த வேலையை முதன்முறையாகச் செய்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

ஒயர் இடம் மாறினால் தவில் ஏன் மறைகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பீக்கருக்குள் ஒரு நிலைக்காந்தமும், அதன் இடுக்கில் தொங்கும் ஒரு செம்புச் சுருளும், அந்தச் சுருளோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கூம்பு முன்னே வருகிறது, எதிர்த்திசையில் பாய்ந்தால் பின்னே போகிறது. ஆம்ப்ளிஃபயர் செய்வதெல்லாம் இந்தத் திசையை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். குண்டு பல்புக்கு எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் உள்ள ரேடியோவிலும் இடம் மாறினால் காதுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டு பெட்டிகள் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் திசை முக்கியமாகிறது. ஒன்று காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றதும் தள்ள வேண்டும். ஒன்று தள்ள, மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இந்த அழிவு எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் கனத்த ஓசையின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், அதாவது நம் கூடத்தைவிடப் பெரியது. இரண்டு பெட்டிகளும் இந்த அலைக்கு முன் ஒரே இடத்தில் இருப்பவை போலத்தான், எனவே எதிரெதிராக இயங்கினால் கனத்த ஓசை அறை முழுவதும் தேய்ந்துவிடுகிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஓசையின் அலையோ 7 சென்டிமீட்டர்தான். அது ஓரிடத்தில் அழிந்தாலும் நான்கு விரற்கடை தள்ளி வலுத்துவிடும், நமக்கு இழப்புத் தெரியாது. அதனால்தான் ஜால்ரா கேட்கிறது, தவில் கேட்பதில்லை. கூடவே, நடுவில் நின்று பாடுவது போலக் கேட்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் அறையெங்கும் சிதறிவிடும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இல்லாத ஒரு பாடகரை நிறுத்திக் காட்டுவதுதான் ஸ்டீரியோவின் வித்தை. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார்.

திசையைச் சரிபார்க்க ஒன்றரை வோல்ட் பென்டார்ச் பேட்டரி ஒன்று போதும். முதலில் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கும்போது பேட்டரியை வைக்கவே கூடாது. பிறகு பெட்டியின் முன்துணியை எடுத்துவிட்டு, சிவப்பு ஒயரைப் பேட்டரியின் பித்தளைக் குமிழிலும் கறுப்பு ஒயரை அடியிலும் அரை நொடி தொட்டு எடுக்க வேண்டும். 'டப்' என்று ஓர் ஓசை வரும், பெரிய கூம்பு ஒரு துள்ளு துள்ளும். ஒருவரே ஒயரையும் தொட்டுக் கூம்பையும் பார்ப்பது கடினம். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் உட்கார்ந்து பேட்டரியைத் தொட, மாமாவின் பேத்தி பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, "வெளிய வந்துச்சு… இது உள்ள போச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால் திசை சரி. ஜேபிஎல் நிறுவனத்தின் பழைய யூனிட்கள் சிலவற்றில் மட்டும் இது தலைகீழாக இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு பெட்டிகளும் ஒரே பக்கம் துள்ளுகின்றனவா என்பதே கேள்வி. கீச்சென்ற ஓசைகளுக்கென்று பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைப் பேட்டரியால் சோதிக்காதீர்கள், அதன் சுருள் மெல்லியது.

இனி, கடையில் எந்த ஒயரைக் கேட்பது என்ற விஷயம். இங்குதான் அதிகப் பணமும் அதிகக் கதைகளும் புழங்குகின்றன. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம், 6 ஓம் அல்லது 4 ஓம் என்று எழுதியிருக்கும்; மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் அளவு அது. மின்சாரம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கம்பி வழியாகப் போய், சுருளைச் சுற்றி, மற்றக் கம்பி வழியாகத் திரும்புவதால், 10 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் செம்பைக் கடக்கிறது. அந்தச் செம்புக்கும் தடை உண்டு; ஸ்பீக்கருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை அது தின்றுவிடும். போகவும் வரவும் சேர்த்து ஒயரின் தடை, ஸ்பீக்கர் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 8 ஓம் பெட்டிக்கு 0.4 ஓம் வரை தாங்கும், 4 ஓம் பெட்டிக்கு 0.2 ஓம்தான்.

நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் வளையும் ஒயரைப் பழைய அளவில், 'இருபத்துமூணு எழுபத்தாறு', 'நாற்பது எழுபத்தாறு' என்று கேட்பவர்கள் உண்டு. முதல் எண் உள்ளே எத்தனை இழைகள் என்பது; இரண்டாவது, ஓர் இழையின் விட்டம் 0.0076 அங்குலம் என்பதன் சுருக்கம். கணக்குப் போட்டால் 14/76 ஒயரில் ஏறக்குறைய 0.4 சதுர மில்லிமீட்டர் செம்பும், 23/76இல் 0.67உம், 40/76இல் 1.17உம், 70/76இல் 2 சதுர மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியும் இருக்கும். 10 மீட்டர் தூரத்துக்கு, இருவழியும் சேர்த்து, 14/76 ஒயரின் தடை 0.84 ஓம், 23/76 என்றால் 0.51, 40/76 என்றால் 0.29, 70/76 என்றால் 0.17. இதிலிருந்தே விடை தெரிந்துவிடுகிறது. 8 ஓம் பெட்டி இருபத்தைந்து அடிக்குள் இருந்தால் 23/76 போதும். அதற்கு மேல் போனால் 40/76 வாங்கலாம். 4 ஓம் பெட்டிக்கு நீண்ட தூரம் இழுப்பதானால் 70/76 வேண்டும். சதுர மில்லிமீட்டர் கணக்கில் விற்கும் கடைகளில் 0.75, 1, 1.5, 2.5 என்று கேட்டு, நம் கணக்குக்கு அடுத்த பெரிய அளவை வாங்கிக்கொள்ளலாம்.

மெல்லிய ஒயர் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், சத்தம் குறைவது மிகச் சிறிதளவே. 0.84 ஓம் ஒயரும் 8 ஓம் பெட்டியும் சேர்ந்தால் சத்தம் ஒரு டெசிபல் அளவுக்குக்கூடக் குறையாது. வால்யூமை ஒரு மயிரிழை திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் 8 ஓம் என்பது எல்லா ஓசைக்கும் ஒரே எண் அன்று. ஒரே பெட்டி சில ஓசைகளுக்கு 6 ஓம் போலவும், வேறு சிலவற்றுக்கு 30 ஓமைத் தாண்டியும் நடந்துகொள்ளும். ஒயரின் தடை கூடும்போது இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஓசையின் நிறமும் மாறுகிறது. தவிர, அடித்த அடி முடிந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்க நினைக்கும் கூம்பை ஆம்ப்ளிஃபயர்தான் ஒயர் வழியாகப் பிடித்து நிறுத்துகிறது. தடை கூடினால் அந்தப் பிடி தளரும், 'தொம்' என்று நிற்க வேண்டிய அடி 'தொம்ம்ம்' என்று இழுக்கும். அதற்காக ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வெள்ளிப்பூச்சு ஒயரைத் தேடிப் போவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பருமனும் சுத்தமான செம்பும் இருந்தால் போதும்.

செம்பு என்று சொன்னேன், அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஸ்பீக்கர் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்தவை. அவற்றின் தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பத்துப் பதினைந்து முறை மடக்கினாலே இழைகள் ஒடியத் தொடங்கும். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். கண்ணாடி போன்ற உறைக்குள் ஒரு கம்பி செம்பு நிறத்திலும் மற்றொன்று வெள்ளி நிறத்திலும் வரும் ஒயர் இதனோடு சேர்த்தியில்லை. அடையாளத்துக்காக ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள், சுரண்டினால் உள்ளே செம்பு இருக்க வேண்டும்.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் சணல் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். எட்டடி தள்ளி இருக்கும் பெட்டிக்கு நிலைப்படியைச் சுற்றி, சன்னலுக்கு மேல் ஏறி, மூலையில் இறங்கிப் போவதற்குள் இருபத்தைந்து அடி ஆகிவிடுகிறது. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே நீளம் வெட்டி, மிச்சத்தைச் சுருட்டி ஒளித்து வைக்கத் தேவையில்லை. சில மீட்டர் வித்தியாசத்தை மின்சாரம் கடக்கும் நேரத்தைக் காது உணரவே முடியாது. நீங்கள் நாற்காலியை ஒரு பெட்டிக்கு ஒரு மீட்டர் அருகில் நகர்த்தினால்தான் ஏறக்குறைய 3 மில்லிநொடி வித்தியாசம் வருகிறது, அது நன்றாகவே தெரியும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர்கள் அதிகம். ஒயரை மறைக்கக் காடி எடுக்கலாம் என்று உளியைத் தூக்கினால் உளிதான் மழுங்கும். பிவிசி கேசிங் கேப்பிங் பட்டியைச் சுவரின் அடியோரமாக ஓட்டுவதே நல்லது. பின்னால் பழுது பார்க்க மூடியைக் கழற்றினால் போதும். ஓட்டு வீட்டில் அட்டாலி வழியாகக் கொண்டுபோவதானால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், ராகி மூட்டை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். எந்த வழியாகப் போனாலும் 230 வோல்ட் வீட்டு மின்சார ஒயர் ஓடும் அதே பைப்புக்குள் ஸ்பீக்கர் ஒயரை நுழைக்கக் கூடாது. அந்த ஒயரின் உறை எங்காவது உரிந்து இதோடு தொட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் உடலிலேயே மின்சாரம் ஏறிவிடலாம். கை வைப்பவருக்கு ஆபத்து.

பெட்டிக்குள் இருக்கும் ஒயரையும் மாற்ற நினைத்தால், திருகாணிகளைக் கழற்றி, பெரிய கூம்புள்ள ஸ்பீக்கரான வூஃபரை மெல்ல வெளியே எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது ஒரு போட்டோ எடுப்பது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது அப்போது நன்றாக நினைவிருக்கும், அரைமணி நேரம் கழித்து இருக்காது. வூஃபரில் ஒயரைப் பற்றவைக்கும் இரு காதுகளில் சிவப்புப் புள்ளி உள்ளது, அல்லது அகலமானது, நேர்முனை. ட்வீட்டருக்குப் போகும் கம்பியின் நடுவே சிறிய உருளை போல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதை வேண்டாத சாமான் என்று நினைத்து வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கனத்த ஓசை ட்வீட்டருக்குள் போகாமல் தடுக்கும் காவலாள் அதுதான். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டர் போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அது மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அதை எடுத்துவிட்டால் ட்வீட்டர் வெகு சீக்கிரம் கருகிவிடும். கெட்டுப்போய் மாற்றுவதானால் அதே அளவில், நேர்முனை எதிர்முனை வேறுபாடு இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். காதைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஈயக்கம்பி உருகிப் பரவ வேண்டும். அயர்னின் முனையில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் மணி போல உருண்டு நிற்கும், நான்கு மாதத்தில் விட்டுப்போகும். மூன்று நான்கு நொடிகளுக்கு மேல் சூடு காட்டினால், காதிலிருந்து கூம்புக்குப் போகும் பின்னல் நூல் போன்ற கம்பியின் பிடிப்பும் இளகிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து காந்தம்தான். வூஃபரைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரைக் காந்தம் 'வெடுக்'கென்று இழுக்கும், நுனி நேராகக் கூம்பில் பாய்ந்து ஓட்டை போட்டுவிடும். என் முதல் பெட்டியை நான் அப்படித்தான் கிழித்தேன், ஃபெவிகால் தடவிய பழைய போஸ்ட் கார்டுத் துண்டோடு அது இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. இடக்கை உள்ளங்கையைக் கூம்புக்கு மேல் குடை போல வைத்துக்கொண்டு வலக்கையால் திருகுவது என் பழக்கமாகிவிட்டது.

ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒயரின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உறையை உரித்து, இழைகளைக் கயிறு திரிப்பது போல ஒரே பக்கமாகத் திரிக்க வேண்டும். திருகாணி வைத்து இறுக்கும் முனையாக இருந்தால் அந்த நுனியில் ஈயம் பூசாதீர்கள். பூசினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நெளிந்து கொடுத்துப் பிடி தளர்ந்துவிடும். அமுக்கி விடும் ஸ்பிரிங் கிளிப் முனையில் அடிக்கடி நேரும் தவறு, செம்புக்குப் பதில் உறையைக் கவ்வ வைப்பது. பாட்டு விட்டுவிட்டு வந்தால் முதலில் இதைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொடக் கூடாது. மயிரிழைபோல் இருக்கும் அந்த ஓர் இழை இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத ஆம்ப்ளிஃபயரின் ஐசி, அதாவது ஓசையைப் பெருக்கும் சில்லு, ஒரே நொடியில் போய்விடும். நம் பக்கம் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் காணப்படும் எல்.ஏ. 4440 போன்ற ஐசிகளைச் சில வேளைகளில், ஐசியின் இரண்டு பகுதிகளும் சேர்ந்து ஒரே பெட்டியை ஓட்டும் பிரிட்ஜ் முறையில் இணைத்திருப்பார்கள்; அப்போது கறுப்பு முனையும் வெறும் எர்த் அன்று, அதிலும் ஓசை மின்சாரம் ஓடும். ஆகவே 'கறுப்புதானே' என்று இரண்டு பெட்டிகளின் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே கம்பியில் கொண்டுவரும் சிக்கனம் வேண்டாம்.

ஒயர் மிச்சமிருந்தால் சமையலறைக்கும் ஒரு பெட்டி கொடுத்தால் என்ன என்ற எண்ணம் கட்டாயம் வரும். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கமாக மாட்டினால் ஆம்ப்ளிஃபயருக்கு அது 4 ஓம் பெட்டியாகத் தெரியும், இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 4 ஓம் வரை என்று எழுதியிருந்தால் செய்யலாம். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும், அதைச் செய்யாதீர்கள். ஒன்றின் வால் மற்றதன் தலையாகத் தொடர்ச்சியாக மாட்டினால் 8உம் 8உம் 16 ஆகும். ஆபத்து இல்லை, சத்தம் குறையும். ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குச் சாலையோரப் புளியமரங்களில் ஒரே ஜோடி ஒயரில் பத்துப் பன்னிரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள் தொங்குகின்றனவே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே அவற்றை 100 வோல்ட் லைனில், ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இணைப்பார்கள். அது வேறு ஏற்பாடு, வீட்டு ஆம்ப்ளிஃபயரில் அதைப் பார்த்துச் செய்ய முடியாது.

எல்லாம் மாட்டிய பிறகு, ஆம்ப்ளிஃபயரில் சொருகுவதற்கு முன், மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ஒயரின் இரு நுனிகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 8 ஓம் பெட்டிக்கு 6 முதல் 7 வரை காட்டினால் நல்லது. 8 காட்டவில்லையே என்று பதற வேண்டாம், மீட்டர் அளப்பது சுருளின் நேர்மின் தடையை, அதாவது பேட்டரி போல ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கான தடையை மட்டும்தான். அரை ஓம் அளவில் காட்டினால் எங்கோ இரண்டு கம்பிகளும் ஒட்டியிருக்கின்றன. எண்ணே வரவில்லை என்றால் எங்கோ விட்டிருக்கிறது. மாமா வீட்டில் இடப்பக்கம் 6.8 காட்டியது, வலப்பக்கம் ஒன்றும் வரவில்லை. ஒயரை அடியிலிருந்து நுனி வரை தடவிக்கொண்டே போனோம். கேசிங் பட்டியை அடித்த ஆணி ஒன்று ஒரு கம்பியைச் சரியாக நடுவில் வெட்டியிருந்தது. அந்த இடத்தை வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் சித்திரை வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

வால்யூமை அடியோடு குறைத்து வைத்துவிட்டு பிளக்கைச் சொருகி, மெல்ல மெல்ல ஏற்றினோம். பேலன்ஸ் திருகு நடுவில் இருக்க, ஒற்றைக் குரல் பாடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் மாமா தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் இரண்டு பெட்டிகளையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார்.